பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு

வீடு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் நலம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வரியை எப்படி முடிப்பது என்று தெரியாததால் அடுத்ததற்குப் போகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ சிரிப்பாய், பேச்சை மாற்றுவாய், "அம்மா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். நானும் அம்மாவாகப் பேசுவதா, ஆய்வுக்கூடத்து ஆளாகப் பேசுவதா என்று புரியாமல் உளறுவேன். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. குழாய்க்காரரின் நம்பர் அப்பாவின் போனில்தான் இருக்கிறது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நம்பரைத் தேடப் போனால் உன் படம் வந்து நின்றது. நீல உடுப்பு, காதில் ஹெட்போன், முன்னால் ஸ்ட்ரெச்சர், தலைக்குப் பின்னால் முட்டை வடிவத்தில் சின்ன ஜன்னல். கீழே, "அப்பா, எப்படி இருக்கேன் பாருங்க" என்று எழுதியிருந்தாய்.

நான் முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன். தோளுக்கு மேலே வரும் பட்டி உன் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது. அப்புறம் உன் கால்களைப் பார்த்தேன். கடைசியில்தான் முகம். பெற்றவள் பிள்ளையின் படத்தைப் பார்க்கிற லட்சணமா இது என்று பிறகு எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

நீ எலும்பு முறிவு வார்டில் இருப்பதாக அல்லவா சொல்லியிருந்தாய்? நல்ல வெளிச்சம், தலைமை நர்ஸ் தங்கமானவர் என்றெல்லாம் சொன்னாய். நோயாளிகளை விமானத்தில் கொண்டுபோகிற பிரிவுக்கு மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா குளித்துவிட்டு வந்ததும் போனை நீட்டினேன். தலையைத் துவட்டுவதை நிறுத்தாமலே, "அவதான் சொல்ல வேணாம்னா. சொன்னா நீ அளவு டேப்ப எடுத்துக்கிட்டு அடுத்த வண்டியிலயே கிளம்பிடுவியாம்" என்றார். அப்போதிலிருந்து என் கண்ணில் படாமல் நடமாடுகிறார். இன்றைக்குப் பள்ளிப் பேருந்தைக் கழுவ வேண்டும் என்று கிளம்பிப் போயிருக்கிறார். நேற்றும் அதைத்தான் கழுவினார்.

எனக்குக் கோபமா, வருத்தமா, பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கின மாதிரி இருக்கிறது. அதற்குக் காரணம் படம் மட்டும் இல்லை. என் போதாத காலம், படம் வந்த நேரம் அப்படி.

என் வேலையைப் பற்றி உன் சினேகிதிகளிடம், "எங்கம்மா பொம்மைய உக்கார வெச்சு மோத விடுவாங்க" என்று சொல்வாயே, அது கிட்டத்தட்ட சரிதான். விமானத்துக்கென்று செய்த சீட்டைத் தண்டவாளத்தில் ஓடும் மேடை ஒன்றில் பூட்டுவோம். பூட்டுகிற தரையையும் வேண்டுமென்றே கொஞ்சம் முறுக்கி வைப்போம், நிஜ விபத்தில் தரை நேராக இருக்காது என்பதற்காக. மனிதன் அளவுள்ள பொம்மைக்கு பெல்ட் போட்டு மேடையை உதைத்து அனுப்புவோம். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சீட் கழன்று வந்ததா, தலைக்கு எவ்வளவு அடி, விலா எவ்வளவு அமுங்கியது என்றெல்லாம் கருவிகள் சொல்லும். அவற்றைப் பார்த்து, இந்த சீட் தேறியது என்று விமான அதிகாரிகள் சார்பில் கையெழுத்துப் போடுகிற வேலை என்னுடையது.

விமானத்தின் முன்பக்கத்தைப் பார்த்த சீட்டென்றால் உடம்பு இடுப்பில் மடியும். மடிவதற்கென்றே நமக்கு இடுப்பு இருக்கிறது. சுவரோரமாகப் பக்கவாட்டில் பார்த்த சோபா என்றால் கதை வேறு. உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எங்க பஸ்லயும் நீள சீட்டு இருக்கு. பிரேக் அடிச்சா பக்கத்து ஆள் மேல சாயுறாங்க, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான், ஆனால் அது பல மடங்கு. பக்கவாட்டில் சாய்வதற்கு மனித உடம்பில் கீல் கிடையாது. கழுத்து, விலா, இடுப்பு எல்லாம் தப்பான திசையில் இழுபடும். பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், காலைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது விமானத்தின் மூக்குப் பக்கமாக வீசிக்கொண்டு போகும், தொடை எலும்பு முறுக்கும். அந்த முறுக்கு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்காகத்தான் காலுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புப் பலகை வைக்கிறார்கள்.

இப்போது என் மேஜையில் இருப்பது அப்படி ஒரு சோபா. யாருக்கென்றால், நோயாளி விமானத்தில் நர்ஸ் உட்காருவதற்கு. முதல் டெஸ்டில் எல்லாம் சரியாக இருந்தது. கால் முறுக்கும் வரம்புக்குள்தான். பிறகு மெத்தை உறையின் துணியை மாற்றினார்கள். துணி மாறினால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினோம். அதே சோபா, அதே பொம்மை, அதே வேகம். கால் பலகையைத் தாண்டி வெளியே போய்விட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்க முடியாது. சோபா கம்பெனிக்காரர் எப்போதும் டை கட்டிக்கொண்டு வருவார், நாங்களும் அவரை டை என்றே சொல்வோம். அவர், பொம்மையின் ஷூவில் ஏதோ கோளாறு, துணிக்கான டெஸ்டில் துணியை மட்டும் பாருங்கள், காலுக்கு முதல் டெஸ்ட் இருக்கிறதே என்கிறார். அவர் சொல்வதும் காகிதத்தில் நிற்கும். போகும்போது ஒன்று சொன்னார்: "அந்த விமானம் ஹேங்கர் ஷெட்ல சும்மா நிக்கற ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு நோயாளி ரோட்டுல குலுங்கிக்கிட்டுப் போறாரு மேடம்." அதுவும் உண்மைதான். எங்கள் பிரிவின் தலைமை அதிகாரி, "உங்க முடிவு" என்று சொல்லி நகர்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை எனக்கு இருந்தது ஒரு சந்தேகம்தான். இரண்டு டெஸ்டில் எது உண்மை என்பது. வெள்ளிக்கிழமை காலையில் உன் படத்தைப் பார்த்த பிறகு இரண்டாவது சந்தேகமும் சேர்ந்துகொண்டது. நான் கையெழுத்துப் போடத் தயங்குவது பொம்மையின் காலைப் பார்த்ததாலா, உன் காலைப் பார்த்ததாலா? படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நாளைக்குப் போய்ப் போட்டுவிடுவேனோ என்னவோ. நேற்று முழுக்க இதை யோசித்து, துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போட்டேன்.

எனக்கு நீ சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உன் சீட்டில் காலுக்குப் பக்கத்தில் பலகை இருக்கிறதா? தோள் பட்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் நீ எப்படி உட்காருகிறாய், முதுகு சாய்ந்தா, சாயாமலா? பாதத்தை எங்கே வைக்கிறாய்? இதையெல்லாம் கேட்பது யார் என்று எனக்கே தெரியவில்லை. யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான், உண்மையை எழுது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, நம்பரை எடுக்கவே மறந்துவிட்டேன்.

உன் நலம் விரும்பும்,
அம்மா.

* * *

விடுதி அறை,
வேலை இல்லாத நாள்.

அன்பான அம்மாவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பெல்ட், கால், அப்புறம்தான் முகம் என்ற இடத்தில். பிறகு சிரிப்பு வரவில்லை. அப்பாவைத் திட்டாதே. நான்தான் அவர் வாயைக் கட்டினேன். பாவம், பேருந்து தேய்ந்துவிடப் போகிறது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன். நீ எதைப் பார்த்தாலும் அது உடையும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறாய். சின்ன வயதில் ஊஞ்சலில் ஏறினால் நீ என்னைப் பார்க்க மாட்டாய், சங்கிலி மாட்டியிருக்கிற கொக்கியைத்தான் பார்ப்பாய். அது தப்பில்லை, உன் வேலை அது. ஆனால் இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது அம்மா. அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நாள் கொக்கியைப் பார்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போய்விட்டது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பலகை இல்லை. எங்கள் விமானம் பழையது. முன்னே யாரோ பணக்காரர் வைத்திருந்ததை வாங்கி ஒரு பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைப் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் அவர் காலத்துச் சோபா அப்படியே இருக்கிறது, காபிக் கறையோடு. தோள் பட்டி பின்னாலிருந்து வருகிறது. நான் குள்ளம் என்பதால் கழுத்தில் இடிக்கிறது. சில சமயம் அதைக் கைக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொள்வேன். இதை எழுதும்போதே உன் முகம் போகிற போக்கு தெரிகிறது.

எப்படி உட்காருகிறேன் என்பதுதான் கஷ்டமான கேள்வி. கிளம்பும்போது ஒழுங்காகத்தான் உட்காருகிறேன். இறங்கும்போது முடிவதில்லை. படுத்திருப்பவர்களுக்கு ஜன்னல் தெரியாது அம்மா. கூரைதான் தெரியும். காது அடைக்கும், சத்தம் மாறும், வயிறு கீழே போகும், என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குப் புரியாது. போன மாதம் பாலம் கட்டுகிற இடத்தில் மேலிருந்து விழுந்த ஒரு வெல்டரைக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் இது பகலா ராத்திரியா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்தார். நான் அவர் பக்கம் திரும்பி, முதுகை சோபாவிலிருந்து எடுத்து, ஒரு காலை நீட்டி ஸ்ட்ரெச்சரின் அடிக்கம்பியில் ஊன்றிக்கொண்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறேன். நான் மட்டும் இல்லை, இங்கே எல்லா நர்ஸும் அப்படித்தான்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓடுபாதையில் வேகம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பைலட் சட்டென்று நிறுத்த வேண்டியதாகிவிட்டது. குறுக்கே ஒரு வண்டி வந்துவிட்டதாம். விபத்து எதுவும் இல்லை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி சோபாவில் இருந்தாள். பெல்ட் அவளை விடவில்லை. கால் மட்டும் அதன்பாட்டுக்குப் போயிற்று. முழங்கால் வீங்கி, கொஞ்ச நாள் நொண்டினாள். இப்போது சரியாகிவிட்டது. திரும்பவும் பறக்கிறாள்.

நீ பொம்மையை உட்கார வைக்கும்போது எங்களை மாதிரி உட்கார வைப்பாயா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

வேலையை விடு என்று மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் விட மாட்டேன், அப்புறம் நீயும் நானும் வாரக்கணக்கில் பேசாமல் இருப்போம். எப்படி உட்கார வேண்டும் என்று சொல். கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கையெழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நோயாளி ரோட்டில் குலுங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் கொடுமைதான்.

குழாயைச் சரிசெய்தீர்களா?

உன்
சுண்டு.

* * *

வீடு,
சனிக்கிழமை.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழாயைச் சரிசெய்துவிட்டோம். வந்தவர் வாஷரை மாற்றிவிட்டு, இத்தனை நாள் ஏன் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். உன் அப்பா என்னைக் காட்டினார், நான் அவரைக் காட்டினேன்.

இந்த நாட்களில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன். நடுவே குழம்பினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாள் தலைமையின் அறைக்குப் போனேன். என் மகள் இந்த மாதிரி சோபாவில்தான் உட்கார்ந்து பறக்கிறாள், எனக்குத் தெரிந்தே சில நாட்கள்தான் ஆகின்றன, இனி இந்தக் கோப்பில் நான் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அது நேர்மையா என்று எனக்குத் தெரியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இத உங்க குறையா எடுத்துக்கறதா, தகுதியா எடுத்துக்கறதான்னு எனக்கே புரியல" என்றார். கடைசியில் கோப்பை வாங்கிக் கருமியிடம் கொடுத்தார். பணத்தில் கருமி இல்லை, பேச்சில். எங்கள் பிரிவில் என்னைப் போலவே கையெழுத்துப் போடுகிற இன்னொருவர். குட்மார்னிங் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கோப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே, பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டோமோ என்று இருந்தது. இன்றுவரை இரண்டும் மாறி மாறி வருகிறது.

கருமியிடம் உன் கடிதத்தைக் காட்டலாமா என்று நினைத்தேன். ஒரு காலை நீட்டி ஊன்றிக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்த வரியைத்தான். பையில் வைத்துக்கொண்டு அவர் அறை வரை போய்விட்டுத் திரும்பினேன். காட்டினால் அவர் பார்ப்பது சோபாவாக இருக்காது, என் மகளாக இருக்கும். அப்புறம் கோப்பை மாற்றியதற்கு அர்த்தமே இல்லை. காட்டாமல் விட்டு, அவரும் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால்? என் இடத்தில் உட்கார்ந்து வேறு ஒரு கோப்பைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டு டெஸ்டின் படத்தையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். மோதலுக்குப் பின்னால் நடப்பதை அல்ல. நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் பார்த்தது மேடை கிளம்புவதற்கு முன்னால் பொம்மை சும்மா உட்கார்ந்திருப்பதை. சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, "பாதம். மூணு விரல் வெளிய" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

இரண்டாவது டெஸ்டில் பொம்மையின் பாதம் மூன்று விரல் அளவு நடைபாதைப் பக்கமாகத் தள்ளி இருந்திருக்கிறது. யாருடைய தப்பும் இல்லை. பாதம் இங்கிருந்து இங்கே வரைக்கும் இருக்கலாம் என்று விதி இடம் விடுகிறது, இரண்டுமே அந்த இடத்துக்குள்தான். உள்ளே வைத்தால் பலகை காலைப் பிடிக்கிறது. கொஞ்சம் வெளியே வைத்தால் கால் பலகையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. எது உண்மை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேனே, இரண்டும் உண்மை. பலகைதான் குட்டை. இவ்வளவு சாதாரணமான பதில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் மறுபடி உன் படத்தில்தான் போய் நிற்கிறேன். பயத்தில் இருக்கிறவளுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது போலிருக்கிறது.

மூன்றாவது டெஸ்ட் வைத்தார்கள். பாதத்தை வெளியே வைத்து. நான் உள்ளே போகவில்லை. வேலைக்கு வந்த நாளாக நான் பார்த்த கோப்பின் டெஸ்ட் ஓடும்போது நான் அறைக்கு வெளியே நின்றது இதுதான் முதல் தடவை. வராந்தாவில் தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் நின்றேன். எச்சரிக்கை மணி அடித்தது, அப்புறம் சுவர் வழியாக அந்தச் சத்தம். உள்ளே இருந்து கேட்கும்போது அது இரும்புச் சத்தம். வெளியே இருந்து கேட்டபோது ஏனோ ஆள் விழுந்த மாதிரி இருந்தது. தண்ணீர் பிடித்த டம்ளர் கையிலேயே இருந்தது, குடித்தேனா என்று நினைவில்லை.

கால் வெளியே போயிற்று. சோபா தேறவில்லை என்று கருமி எழுதிவிட்டார்.

டை கோபமாக வந்தார். ஷூ, துணி, ஹேங்கர், நோயாளி என்று எல்லாவற்றையும் ஒரு தடவை சொன்னார். கருமி அதே மாதிரி இன்னொரு சோபாவைக் காட்டி உட்காருங்கள் என்று சைகை செய்தார். டை உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே இன்னும் வாதம் செய்துகொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் தன் காலைக் குனிந்து பார்த்தார். அவர் பாதம் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக மறுபடி வெளியே வந்தது. அப்புறம் அவர் பலகையை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் அவரைப் பற்றி மோசமாக நினைத்திருந்தேன். அதையும் இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பலகை நீளும், சோபா ஒருநாள் தேறும், அந்த விமானம் கொஞ்சம் தாமதமாகப் பறக்கும். அந்தத் தாமதத்தில் யாராவது ரோட்டில் போவார்கள். இதில் சரி எது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

நான் தலைமையிடம் இன்னொன்றும் கேட்டேன். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிற பழைய சோபாக்கள்? கறை படிந்தவை, பலகை இல்லாதவை? அவர் தணிந்த குரலில், அவையெல்லாம் அவற்றின் காலத்து விதிப்படி தேறியவை, அப்போது காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இப்போது போய் எடுக்கச் சொல்ல விதியில் இடமில்லை என்றார். எனக்கு இது தெரியாததா? நானே எத்தனை பேருக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வேறு பாஷை மாதிரி இருந்தது. ஆக, நான் பார்த்திராத ஒரு நர்ஸின் கால் தப்பியது. உன் சோபா அப்படியேதான் இருக்கிறது. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

பொம்மையை எங்களை மாதிரி உட்கார வைப்பாயா என்று கேட்டாய். இல்லை. முதுகு சாய்ந்து, தலை நிமிர்ந்து, கை மடியில். யார் கையையும் அது பிடித்துக்கொள்வதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அது நடுத்தர உடம்புள்ள ஓர் ஆணின் அளவு. பக்கவாட்டு சோபா எல்லாவற்றுக்கும் அவன்தான். இத்தனை வருஷம் அவனுக்குச் சட்டை மாட்டி, பெல்ட் போட்டு, கால்குலேட்டரில் அவன் விலாவைக் கணக்குப் போட்டிருக்கிறேன். நேற்று அவனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது, உன் அளவுக்கு எங்களிடம் ஒரு பொம்மையே இல்லை. அதனால் நீ எப்படி உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்டால், அவன் எப்படி உட்கார வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். பட்டியைக் கைக்கு அடியில் தள்ளாதே. அது மட்டும் நிச்சயம். கழுத்தில் இடித்தால் உங்கள் பராமரிப்பு ஆட்களிடம் சொல்லி மாட்டுகிற இடத்தை இறக்க முடியுமா என்று கேள், அவர்கள் முடியாது என்றால் யார் சொன்னது என்று பெயரை வாங்கி எனக்கு அனுப்பு. முதுகைச் சாய்த்துக்கொள். இரண்டு பாதத்தையும் சோபாவை ஒட்டி உள்ளே வை. கம்பியில் ஊன்றாதே. ஊன்றிய கால்தான் முதலில் முறுக்கிக்கொள்ளும்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெல்டர் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வேலை செய்கிற ஒருத்தியின் முழங்கால் என்று வந்ததும் எழுந்து போய், கழுவி வைத்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். நான் சும்மா, பாவம் அந்தப் பெண், எந்த முழங்காலோ என்றேன். "இடது" என்றார். சொன்ன பிறகு தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குப் போடுகிற உறை ஒன்றை வாங்கி உனக்கு அனுப்பியதாக அதற்கப்புறம்தான் சொன்னார். அளவு சரியாக இருந்ததா என்று தெரியவில்லையாம்.

வேலையை விடு என்று நான் எழுதவில்லை, பார்த்தாயா? எழுத உட்கார்ந்தது அதற்குத்தான். இறங்கும்போது அந்தக் கையை விட்டுவிடு என்றாவது எழுதலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. நான் அங்கே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் ஒரு கை வேண்டியிருக்கும். அது உன் கையாக இருக்க வேண்டும் என்றும், உன் கையாக மட்டும் இருக்கக் கூடாது என்றும் ஒரே சமயத்தில் நினைக்கிறேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிடித்துக்கொள், கண்ணே. முதுகை எடுக்காமல் எட்டுகிற அளவுக்குப் பிடித்துக்கொள். எட்டவில்லை என்றால் பேசு. உன் குரல் எட்டும்.

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். ஏறினதெல்லாம் பத்திரமாக இறங்க வேண்டும். இடது முழங்கால் படி இறங்கும்போது வலிக்கிறதா, குளிரில் வலிக்கிறதா, ஒரே பக்கமாக வலிக்கிறதா என்று விவரமாக எழுது. அப்பாவுக்கு இல்லை. எனக்கு எழுது.

என்றும் உன்
அம்மா.